மே மாதத்தில் மிச்சிகன் ஏரியைச் சிறு படகில் கடக்கலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியில், மேற்குக் கரையிலிருக்கும் மில்வாக்கியிலிருந்து கிழக்குக் கரையிலிருக்கும் மஸ்கீகனுக்கு 24 அடி மோட்டார் படகில், மே கடைசி வார நீண்ட விடுமுறையில் போய்வர எண்ணம். முன்னறிவிப்பு “தென்மேற்குக் காற்று 10 முதல் 15 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ), அலை 2 முதல் 4 அடி, மாலைக்கு மேல் இடிமழை” என்கிறது. இடிமழை வரைபடத்தில் “ஸ்லைட் ரிஸ்க்” என்று மஞ்சள் பூசியிருக்கிறது. ஸ்லைட் என்றால் கொஞ்சம்தானே, கிளம்பலாமா?

அந்த நாளில் கிளம்ப வேண்டாம். மே மாதத்தில் ஏரிப்பக்கமே போகக் கூடாது என்று சொல்லவில்லை. கடக்க நல்ல நாட்கள் வரத்தான் செய்யும். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் முன்னறிவிப்பின் ஒவ்வொரு வரிக்கும் கரையில் ஒரு பொருள், நடு ஏரியில் வேறு பொருள். இந்த வேறுபாட்டுக்கு வேர் ஒன்றுதான்: கரையில் வெயில் 27 டிகிரி அடித்தாலும் நடு ஏரித் தண்ணீர் இன்னும் 5 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கிறது. காற்று, அலை, பனிமூட்டம், இடிமழை எல்லாவற்றையும் இந்த 5 டிகிரியை வைத்துத்தான் படிக்க வேண்டும்.

மிச்சிகன் ஏரி வடக்கு தெற்காக ஏறத்தாழ 490 கி.மீ நீளம், அகலமான இடத்தில் 190 கி.மீ, சராசரி ஆழம் 85 மீட்டர், மிக ஆழமான இடம் 281 மீட்டர். இவ்வளவு தண்ணீர் சூடேற நாளாகும். அதோடு நன்னீருக்கு ஒரு தனிக் குணம் உண்டு: 4 டிகிரியில்தான் அது மிகவும் கனமாக இருக்கும். ஏப்ரலில் 2, 3 டிகிரியில் கிடக்கும் மேல்நீரை வெயில் சூடாக்கினால் அது மிதக்காமல் கனத்துக் கீழே இறங்கிவிடும். அடியிலிருக்கும் குளிர்ந்த நீர் மேலே வரும். மேலிருந்து அடிவரை மொத்தமும் 4 டிகிரிக்கு வந்து சேரும்வரை மேற்பரப்பு சூடாவதே இல்லை. ஆழம் குறைந்த கரையோரம் இந்த எல்லையை முதலில் தாண்டிவிடும். அதனால் மே மாதத்தில் கடற்கரைப் பூங்காவில் காலை நனைத்தால் 11, 12 டிகிரி இருக்கும், சில கி.மீ உள்ளே போனால் திடீரென்று 4 டிகிரி. இரண்டும் சந்திக்கும் கோடு ஜூன் வரை கொஞ்சம் கொஞ்சமாக நடு ஏரியை நோக்கி நகரும். கரையில் கால் நனைத்துப் பார்த்து ஏரியை எடை போடாதீர்கள். ஐம்பெரும் ஏரிகளுக்கான (மிச்சிகன் அவற்றில் ஒன்று) அமெரிக்க அரசின் ஆய்வுக்கூடமான கிளெர்ல், செயற்கைக்கோள் தரவை வைத்துத் தினமும் மேற்பரப்பு வெப்ப வரைபடம் வெளியிடுகிறது. முன்னறிவிப்புக்கு முன்னால் அதைப் பாருங்கள்.

இனி காற்று. தென்மேற்கிலிருந்து வரும் சூடான காற்று இந்தக் குளிர்நீரின் மேல் ஏறியதும், அதன் அடிப்பகுதி மட்டும் குளிர்ந்து கனத்து நீரோடு ஒட்டிக்கொள்கிறது. மேலே சூடு, கீழே குளிர் என்று அடுக்கு தலைகீழாகிவிடும். ஐம்பது முதல் இருநூறு மீட்டர் தடிமன்தான். ஆனால் பானைக்கு மூடி போட்டதுபோல் வேலை செய்யும். மேலே 35 நாட் வீசினாலும் அந்த வேகம் கீழே இறங்காது. உள்நாட்டு விமான நிலையத்தில் 30 நாட் வீச்சு பதிவாகும் அதே நேரத்தில், நடு ஏரியில் நீருக்கு நாலைந்து மீட்டர் மேலே இருக்கும் மிதவைக் கருவி 10 நாட் காட்டும். உயரமான கப்பலின் பாய்மரக் கம்பத்தில் இருக்கும் காற்றுமானி அதே இடத்தில் அதைவிட மிக அதிகம் காட்டும். நவம்பரில் நடப்பது இதற்கு நேர்மாறு: நீர் சூடு, காற்று குளிர், மேல்காற்று தடையில்லாமல் நீர்வரை இறங்கி அடிக்கும். ஐம்பெரும் ஏரிகளில் புகழ்பெற்ற கப்பல் விபத்துகள் பல நவம்பரில் நடந்ததற்கு இது ஒரு பெரிய காரணம்.

வசந்தத்தில் ஏரி சாதுவாகத் தெரிவதும் இந்த மூடியால்தான். மூடி நிலையானது என்று நம்புவதில்தான் முதல் தவறு நடக்கிறது. குளிர்முனை, அதாவது குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பு, ஒன்று வந்து, தண்ணீரைவிடக் குளிர்ந்த காற்று மேலே பாய்ந்தால் மூடி சில நிமிடங்களில் காணாமல் போகும். 8 நாட் இருந்த இடத்தில் 30 நாட். விஸ்கான்சின் கரையோரத்தில் இதன் ஒரு வடிவத்துக்கு “நிமோனியா ஃப்ரன்ட்” என்றே பேர். ஏரியின் வடபகுதியில் குளிர்ந்து தேங்கிய காற்று கரையை ஒட்டித் தெற்கே சறுக்கி வரும். ஒரு மணி நேரத்தில் 16 ஃபாரன்ஹீட் டிகிரி அல்லது அதற்கு மேல் வெப்பம் விழுந்தால்தான் அந்தப் பேர் வைப்பார்கள். பகல் இரண்டு மணிக்கு மில்வாக்கியில் 27 டிகிரி செல்சியஸ், வானம் சுத்தம். இரண்டரைக்கு 11 டிகிரி, வடகிழக்கிலிருந்து 25 நாட். ரேடாரில் மழை எதுவும் தெரியாது, வானத்தில் மேகமும் இருக்காது. கண்டுபிடிக்க எளிய வழி, வடக்கே கரையோரம் இருக்கும் கெவானி, ஷெபாய்கன், போர்ட் வாஷிங்டன் நிலையங்களின் நேரடி அளவுகளை வரிசையாகப் பார்ப்பது. காற்று வடகிழக்குக்குத் திரும்பி வெப்பம் விழுவது கெவானியில் முதலில் தெரியும், பிறகு ஷெபாய்கன், பிறகு போர்ட் வாஷிங்டன். இரண்டு நிலையங்களுக்கு இடையே எவ்வளவு நேரம் எடுத்தது என்று பார்த்தால், உங்களிடம் எத்தனை மணிக்கு வரும் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சாதாரண ஏரிக்காற்று இதைப்போல் ஆபத்தானது அல்ல. சென்னையில் நடுப்பகலில் கடற்காற்று வந்து வெக்கையைத் தணிப்பது தெரிந்தவர்களுக்கு இது அதன் தம்பிதான்: பகல் 10, 11 மணிக்குக் கிழக்கிலிருந்து 8 முதல் 12 நாட், மாலையில் அடங்கும்.

அலைக்கு வருவோம். “2 முதல் 4 அடி” என்பது மிக உயர்ந்த மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. ஆயிரம் அலையில் ஒன்று அதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு இருக்கும். நான்கு அடி ஏரியில் சில மணி நேரம் ஓடினால் ஏழு, எட்டு அடி அலை ஒன்றையாவது சந்திப்பீர்கள். உயரத்தைவிட முக்கியம் இடைவெளி. பெருங்கடலில் நான்கு அடி அலை 10 விநாடிக்கு ஒன்று வந்தால் ஒரு முகட்டுக்கும் அடுத்ததற்கும் 156 மீட்டர். படகு ஏறி இறங்குவதே தெரியாது. மிச்சிகன் ஏரியில் அதே நான்கு அடி 4 விநாடிக்கு ஒன்று வரும். இடைவெளி 25 மீட்டர்தான். உங்கள் படகு 7.3 மீட்டர். மூக்கு ஒரு முகட்டிலிருந்து இறங்கி முடிப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கும். 20 நாட் வேகத்தில் போகத் திட்டமிட்டவர் 11 நாட்டுக்கு இறங்கிவிடுவார். கடலில் ஓட்டிப் பழகியவர்கள்கூட இந்த ஏரியில் முதல் நாள் திணறுவது இதனால்தான்.

இதில் அதிகம் பேர் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. ஆழ்நீரில் 4 விநாடி அலை ஓடும் வேகம் விநாடிக்கு 6.2 மீட்டர், அதாவது 12 நாட். மில்வாக்கியிலிருந்து கிழக்கே போகும்போது மேற்குக் காற்றின் அலை உங்கள் முதுகுப்பக்கமாக வரும். சிரமமாக இருக்கிறது என்று 11, 12 நாட்டுக்குக் குறைத்தால் அலையும் படகும் ஒரே வேகத்தில் ஓடும். படகு முகட்டின் முன்சரிவில் உட்கார்ந்துகொள்ளும். சுக்கானைத் தாண்டிப் போகும் நீரின் பிடி போய்விடும். ஸ்டீயரிங் சக்கரத்தைத் திருப்பினால் பதில் வராது. மூக்கு முன்னாலிருக்கும் பள்ளத்தில் குத்தி, பின்பக்கம் சுழன்று, படகு அலைக்குக் குறுக்கே விழும். கவிழ்வது இப்படித்தான். வேகத்தை 8 நாட்டுக்குக் கீழே கொண்டுவந்து அலையைத் தாண்டிப் போகவிடுங்கள். அல்லது படகு தாங்குமானால் 16, 17 நாட்டில் முகட்டின் முதுகில் ஏறி ஓடுங்கள். இரண்டிலும் அலை நேர்பின்னால் வராமல் பின்மூலையில் பதினைந்து இருபது பாகை சாய்ந்து வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். 12 நாட்டில் மட்டும் நிலைக்காதீர்கள்.

மேற்குக் காற்று நாளில் மில்வாக்கிக் கரையிலிருந்து பார்த்தால் ஏரி கண்ணாடிபோல் இருக்கும். காற்று நிலத்திலிருந்து நீருக்குப் போகிறது, அலை வளர இன்னும் தூரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அதே 20 நாட் காற்று 100 கி.மீ ஓடி மறுகரை சேரும்போது ஒன்றரை மீட்டர் உயரம், 5 விநாடி அலையாகிவிடும். குளிர்நீரின் மூடி இதைக் கொஞ்சம் குறைக்கும். எவ்வளவு என்பது அன்றைய வெப்ப வேறுபாட்டைப் பொறுத்தது. கயாக், துடுப்புப் பலகை வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் கொடியது. அமைதியைப் பார்த்து இறங்கியவரை அதே காற்று வெளியே தள்ளிக்கொண்டே போகும். தள்ளத் தள்ள அலை பெரிதாகும், திரும்பி வருவது எதிர்க்காற்றில். வடக்கு, வடகிழக்குக் காற்றில் கதை தலைகீழ். ஏரியின் நீளம் முழுவதும் ஓடி வந்த அலை சிகாகோ, இந்தியானா கரைகளில் வந்து மோதும். ஏப்ரலில் கொலராடோ பக்கம் உருவாகி வரும் தாழ்வழுத்தங்கள் ஏரிக்குத் தெற்கே கடக்கும்போது இப்படித்தான் வீசும். குளிர் போதுமானால் தெறிக்கும் நீர் படகின் மேல் பனிக்கட்டியாக உறையும்.

எச்சரிக்கைகளின் பெயர்களைத் தெரிந்து வைத்திருங்கள். இந்த ஏரிகளில் காற்று 22 முதல் 33 நாட்டுக்குள், அல்லது அலை 4 அடிக்கு மேல் என்றால் “ஸ்மால் கிராஃப்ட் அட்வைசரி”. 34 முதல் 47 வரை “கேல் வார்னிங்”, 48 முதல் 63 வரை “ஸ்டார்ம் வார்னிங்”. இவை மணிக்கணக்கில் நீடிக்கும் காற்றுக்கு. இடிமழையோடு வரும் குறுகிய நேரக் காற்றுக்கு “ஸ்பெஷல் மரீன் வார்னிங்” தனி: 34 நாட் அல்லது அதற்கு மேல் வீச்சு, முக்கால் அங்குல ஆலங்கட்டி, நீர்த்தாரைச் சுழல் (நீரின் மேல் எழும் சுழற்காற்றுத் தூண்) ஆகியவற்றில் எது எதிர்பார்க்கப்பட்டாலும் வரும். நீர்த்தாரைச் சுழலுக்கு வசந்தத்தில் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். அதற்கு நீர் சூடாக இருக்க வேண்டும், ஆகஸ்ட் முதல் அக்டோபர்தான் அதன் காலம்.

இப்போது “ஸ்லைட் ரிஸ்க்”. இந்த வரைபடத்தை ஓக்லஹோமாவின் நார்மனில் இருக்கும் ஸ்டார்ம் பிரெடிக்ஷன் சென்டர் வெளியிடுகிறது. ஐந்து படி: மார்ஜினல், ஸ்லைட், என்ஹான்ஸ்ட், மாடரேட், ஹை. ஸ்லைட் இரண்டாவது படி. பெயரைப் பார்த்துக் கொஞ்சம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. காற்றைப் பொறுத்தவரை, நீங்கள் நிற்கும் புள்ளியிலிருந்து 25 மைலுக்குள் கடுங்காற்று வீச 15 சதவீத வாய்ப்பு என்பது அதன் பொருள். ஏரிக்காரர்கள் இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த வரைபடத்தில் “கடுங்காற்று” என்பது நிலத்து அளவுகோல்: 50 நாட், அதாவது மணிக்கு 58 மைல். அதற்குக் கீழே 40 நாட் வீசும் இடிமழை அந்தக் கணக்கில் சேராது. ஆனால் 24 அடிப் படகுக்கு 40 நாட் என்பது உயிர்ப் பிரச்சினை. எனவே வரைபடத்தில் நிறமே இல்லாமல் வெறும் இடிமழை என்று மட்டும் போட்டிருக்கும் நாளிலும் ஏரியில் ஸ்பெஷல் மரீன் வார்னிங் வரலாம், அதில் முரண்பாடு இல்லை. அந்த வரைபடத்தின் “நாள்” என்பதும் நம் நாள் அல்ல. உலகப் பொது நேரம் 12 மணியிலிருந்து மறுநாள் 12 மணி வரை, அதாவது மில்வாக்கி நேரப்படி காலை 7 முதல் மறுநாள் காலை 7 வரை. சனிக்கிழமை விடியற்காலை 4 மணி இடிமழை, வெள்ளிக்கிழமை வரைபடத்தில்தான் இருக்கும். விடியலுக்கு முன் கிளம்பலாம் என்று சனிக்கிழமைப் படத்தை மட்டும் பார்ப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். இந்தப் பகுதியில் மே, ஜூன் மாதப் பெரும் இடிமழைக் கூட்டங்கள் மினசோட்டா, அயோவா பக்கம் மாலையில் திரண்டு இரவெல்லாம் ஓடி வருபவை.

“குளிர்நீரைத் தொட்டதும் இடிமழை செத்துவிடும்” என்ற பேச்சைப் படகுத்துறையில் கேட்டிருப்பீர்கள். அதில் பாதி உண்மை. நிலத்தின் வெக்கையைத் தின்று வளர்ந்த தனி இடிமேகம் ஏரிமேல் வந்து வலுவிழப்பது உண்டு. ஆனால் பெரும் கூட்டமாக, வேகமாக வருபவை தங்களுக்கு வேண்டிய சூடான ஈரக்காற்றை மூடிக்கு மேலிருந்தே எடுத்துக்கொள்ளும். மின்னலும் ஆலங்கட்டியும் குறையும் என்று நம்ப முடியாது. காற்று மூடியைத் துளைத்து இறங்குமா என்பதில்தான் சந்தேகம். சில நாள் இறங்காது, சில நாள் 60 நாட்டாக இறங்கும். 1998 மே 31 விடியற்காலையில் டெரெச்சோ என்னும் நீள்வரிசைச் சூறை விஸ்கான்சினைச் சிதைத்துவிட்டு, வசந்த காலக் குளிர்நீர் ஏரியைக் கடந்து, மிச்சிகன் மாநிலத்தின் மேற்குக் கரையிலும் பெரும் நாசம் செய்தது. ஏரி அதைத் தடுக்கவில்லை.

ரேடாராலும் இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க முடியாது. மில்வாக்கிக்கு மேற்கே சல்லிவனில் ஒரு ரேடார், மறுகரையில் கிராண்ட் ராபிட்ஸில் ஒன்று. இரண்டுக்கும் நடு ஏரி நூறு கி.மீக்கு மேல். பூமியின் வளைவால், மிகத் தாழ்ந்த கதிரும் அங்கே போய்ச் சேரும்போது ஒன்றரை முதல் இரண்டு கி.மீ உயரத்தில் இருக்கும். நூறு மீட்டர் தடிமனுள்ள மூடிக்கு அடியில் நடப்பது அதன் கண்ணில் படாது. அதைச் சொல்லக்கூடியவை மிதவைகள் மட்டுமே: தென்பகுதி நடு ஏரியில் 45007, வடபகுதியில் 45002. பனிக்கட்டி சேதப்படுத்தும் என்று குளிர்காலத்தில் இவற்றை எடுத்துவிடுவார்கள். வசந்தத்தில்தான் திரும்பப் போடுவார்கள். ஏப்ரலில் தரவு வரவில்லை என்றால் கருவி பழுதென்று நினைக்க வேண்டாம், அது இன்னும் கரையில் இருக்கலாம்.

உங்கள் பயணத்தையே கணக்கில் வைத்துப் பார்ப்போம். மில்வாக்கியிலிருந்து மஸ்கீகன் நேர்கோட்டில் 69 கடல் மைல், அதாவது 127 கி.மீ. 20 நாட்டில் மூன்றரை மணி நேரம். நீங்கள் துறைமுகத்தை விடும்போது இடிமழை வரிசை லா கிராஸில், 280 கி.மீ மேற்கே, மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கிறது; 45 நாட் வேகம். அது மில்வாக்கி வர ஏறத்தாழ மூன்றரை மணி நேரம். தண்ணீர் அமைதியாக இருந்தால் அதற்குள் நீங்கள் மஸ்கீகனில். ஆனால் அலையால் 11 நாட்டுக்கு இறங்கினால், வரிசை மில்வாக்கிக் கரையைத் தொடும்போது நீங்கள் 37, 38 கடல் மைல்தான் போயிருப்பீர்கள், ஏரியின் நட்டநடுவில். அடுத்த ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் கழிந்ததும், மஸ்கீகன் இன்னும் இருபது கடல் மைல் இருக்கும்போது, அது உங்களைப் பிடித்துவிடும். ஆகவே கிளம்பும்போது மேகம் தெரிகிறதா என்று மேற்கு வானத்தைப் பார்ப்பது போதாது. மிசிசிப்பிக்குக் கிழக்கே ஒரு இடிமழை வரிசையும் இருக்கக் கூடாது. மேற்கே இருந்தாலும், உங்கள் மெதுவான வேகத்துக்குக் கணக்குப் போட்டு, இரண்டு மணி நேரம் மிச்சம் இருக்க வேண்டும்.

வரிசை கடந்து போன பிறகும் இரண்டு விஷயங்கள் பாக்கி. முதலாவது, மழைக் கூட்டத்தின் பின்விளிம்பில் உருவாகும் தாழ்வழுத்தம். இடிமழைக்குப் பின்னால் நீண்டு பெய்யும் மெல்லிய மழையில் காற்று கீழே அமிழ்ந்து சூடாகி அழுத்தம் குறையும். அழுத்தம் மிகுந்த இடிமழைப் பக்கத்திலிருந்து அங்கே காற்று பின்னோக்கிப் பாயும். இடி ஓய்ந்து, மழை நின்று, மேற்கு வெளுக்கும் நேரத்தில் கிழக்கிலிருந்து 35, 40 நாட் வீசும். முடிந்தது என்று நங்கூரத்தைத் தூக்கியவர்கள் மாட்டிக்கொள்வது இதில். மழை நின்ற பிறகும் அழுத்தமானி இறங்கிக்கொண்டே இருந்தால் துறைமுகத்திலேயே இருங்கள்.

இரண்டாவது, வானிலைச் சுனாமி. நிலநடுக்கத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. இடிமழை வரிசையோடு அழுத்தம் சில நிமிடங்களில் 3, 4 மில்லிபார் எகிறும். ஒரு மில்லிபாருக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற அளவில்தான் நீர்மட்டம் மாறும். அதனால் தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் நீரில் நீண்ட அலை ஓடும் வேகத்தை ஆழம் தீர்மானிக்கிறது: 50 மீட்டர் ஆழத்தில் 43 நாட், 85 மீட்டரில் 56 நாட். இடிமழை வரிசைகள் ஓடுவதும் ஏறக்குறைய இதே வேகத்தில்தான். இரண்டும் ஒத்துப்போனால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல், வரிசை போகும் வழியெல்லாம் அலையைத் தள்ளித் தள்ளி வளர்க்கும். 1954 ஜூன் 26 அன்று காலையில் ஒரு வரிசை சிகாகோவைக் கடந்து தென்கிழக்கே போனது. அது கிளப்பிய அலை இந்தியானாவின் மிச்சிகன் சிட்டிப் பக்கம் மோதித் திரும்பி, ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்து, வானம் தெளிந்து மீன் பிடிக்க ஆட்கள் கூடியிருந்த சிகாகோவின் மான்ட்ரோஸ் துறைமுகத்தில் ஏறத்தாழ 3 மீட்டர் உயரத்தில் ஏறியது. 8 பேர் இறந்தார்கள். 2018 ஏப்ரல் 13 அன்று மிச்சிகன் மாநிலக் கரையிலுள்ள லடிங்டனில் இன்னொன்று வந்து அலைத்தடுப்புச் சுவரை மூடியது. ஓரடிக்கு மேற்பட்டவை ஐந்து ஏரிகளிலும் சேர்த்து ஆண்டுக்கு நூறு அளவில் பதிவாகின்றன. பெரும்பகுதி வசந்தத்தின் பின்பாதியிலும் கோடைத் தொடக்கத்திலும். வேகமான வரிசை ஒன்று கடந்தால் இரண்டு மூன்று மணி நேரம் யாரும் சுவரின் மேல் நடக்க வேண்டாம். துறைமுகத்துக்குள் நீர் சட்டென்று வடிந்து, கட்டிய கயிறு விறைத்தால், மேடான இடத்துக்குப் போய்விடுங்கள். கயிறுகளை முன்பே ஓரடி, இரண்டடி தளர்வோடு கட்டியிருந்தால் கட்டைகள் பிய்யாது.

பனிமூட்டம் பற்றி. காற்றின் பனிநிலை, அதாவது அதிலிருக்கும் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை, நீரின் வெப்பத்தைவிட ஐந்தாறு டிகிரி அதிகமாக இருந்து, காற்றும் மென்மையாக இருந்தால், மூட்டம் நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முன்னறிவிப்பு நாளில் தென்மேற்குக் காற்றோடு பனிநிலை 14, 15 டிகிரி வரும், நீர் 5. நிலத்தில் வெயில் ஏறினால் மூட்டம் கலையும். நீரின் மேல் கலையாது, ஏனென்றால் வெயில் அந்த நீரைச் சூடாக்குவதே இல்லை. காற்றுத் திசை மாறி உலர்ந்த காற்று வரும்வரை நாள் முழுக்கக் கிடக்கும். இந்த ஏரியில் 1000 அடி நீளச் சரக்குக் கப்பல்கள் ஓடுகின்றன. அவற்றால் உங்களுக்காக நிற்கவோ திரும்பவோ முடியாது. மூட்டத்தில் ஓடும் மோட்டார் படகு இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறையாவது நான்கு முதல் ஆறு விநாடி நீண்ட ஊதல் ஒன்று தர வேண்டும். ஏ.ஐ.எஸ். கருவி (அருகிலுள்ள கப்பல்களின் இடத்தையும் வேகத்தையும் வானொலி வழியே காட்டுவது) இல்லாத படகு இந்தப் பயணத்துக்கு மே மாதத்தில் போகக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

தண்ணீரில் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1-10-1 என்று ஒரு கணக்கு சொல்வார்கள். முதல் 1 நிமிடம் மூச்சு கட்டுக்குள் இருக்காது. வாய்க்குள் தண்ணீர் போனால் அங்கேயே முடிந்துவிடும். அடுத்த 10 நிமிடம் கைகால் உங்கள் சொல் கேட்கும். அதன்பின் விரல்கள் கயிற்றைப் பிடிக்காது, ஏணியில் ஏற முடியாது. 1 மணி நேரத்தில் நினைவு தப்பும். நீச்சல் வீரரானாலும் இந்தக் கணக்கு மாறாது. லைஃப் ஜாக்கெட் இருக்கைக்கு அடியில் இருந்தால் பயனில்லை. துறைமுகத்தை விடுமுன் உடம்பில் மாட்டியிருக்க வேண்டும். வி.எச்.எஃப். கைவானொலியும் (படகுகள் பேசும் வானொலி) உடம்போடு, அவசர அழைப்புக்கான சேனல் 16-இல். படகு கவிழ்ந்தால் பொருத்திய வானொலி அதோடு போய்விடும், நடு ஏரியில் கைப்பேசிச் சிக்னலை நம்ப முடியாது. செயற்கைக்கோளுக்குச் சைகை அனுப்பும் சிறு அவசரக் கருவி ஒன்று ஜாக்கெட்டிலேயே கோத்திருந்தால் தேடுபவர்களுக்கு இடம் தெரியும்.

எப்போது எதைப் பார்ப்பது? ஒரு வாரம் முன்பு ஸ்டார்ம் பிரெடிக்ஷன் சென்டரின் நான்கு முதல் எட்டு நாள் படம். அதில் உங்கள் பகுதி வந்தாலே வேறு தேதி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் முன்பிருந்து திறந்த ஏரிக்கான முன்னறிவிப்பு. கரையிலிருந்து 5 கடல் மைல் வரைக்கும் ஒன்று, அதற்கு அப்பால் வேறொன்று என இரண்டு தனித்தனியாக வரும். கரையோர அறிக்கையை மட்டும் படித்துவிட்டுக் கடக்கக் கிளம்பும் தவறு சாதாரணமாக நடக்கிறது. மில்வாக்கி, கிராண்ட் ராபிட்ஸ் வானிலை அலுவலகங்கள் எழுதும் விளக்கக் குறிப்பையும் படியுங்கள். மூடி எவ்வளவு வலுவானது, காற்று இறங்குமா என்று முன்னறிவிப்பாளரே அதில் யோசித்து எழுதியிருப்பார், எண்களில் அது வராது. கிளம்பும் காலையில் வடகரை நிலையங்கள், மிதவை 45007, மிசிசிப்பி வரை ரேடார். ஓடும்போது என்.ஓ.ஏ.ஏ. (அமெரிக்க அரசின் வானிலை, கடலியல் நிறுவனம்) வானொலி, 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ஏழு சேனல்களில் ஒன்று, காதில் விழும்படி. எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. இதை 20 நாட் செலவில் போடாமல், அலையில் தடுமாறி ஓடும் செலவில் போடுங்கள்.

நீங்கள் காத்திருக்க வேண்டிய நாள் இப்படி இருக்கும்: உயரழுத்தம் ஏரியின் மேலேயோ சற்றுக் கிழக்கிலோ, காற்று 10 நாட்டுக்குக் கீழே, திறந்த ஏரியில் அலை 2 அடி அல்லது குறைவு, பனிநிலை நீரின் வெப்பத்தை ஒட்டியோ கீழேயோ, அன்றைக்கும் மறுநாளுக்கும் இடிமழைப் படத்தில் எதுவும் இல்லை. பெரும்பாலும் குளிர்முனை கடந்து அலை அடங்கிய இரண்டாம் நாள்தான் இப்படி அமையும். விடிந்து காலை ஐந்தரை மணிக்குக் கிளம்பினால் ஏரிக்காற்று எழுமுன் மறுகரை. திரும்பும் நாளுக்கும் இதே சோதனையை மஸ்கீகனில் முதலிலிருந்து செய்ய வேண்டும். திங்கட்கிழமை வேலைக்குப் போகணும் என்பது காரணம் ஆகாது, படகை அங்கேயே கட்டிவிட்டு வண்டியில் சுற்றி வரலாம். கரையில் ஒருவரிடம் பயணத் திட்டத்தைக் கொடுக்கும்போது, சேரும் நேரம் மில்வாக்கி நேரமா மஸ்கீகன் நேரமா என்று எழுதிக் கொடுங்கள். மறுகரையில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அந்தக் குழப்பத்தில் தேடுதல் ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்கினால், 5 டிகிரி நீரில் இருப்பவருக்கு இருக்கும் நேரமே அவ்வளவுதான்.